இடது மூலையில் ஒரு செடி

வாய்மொழித் தேர்வில் எதிரே மூன்று பேர்.
நானூறு பக்கம் எழுதியிருந்தேன்,
பதினேழாம் நூற்றாண்டுத் தோட்ட ஓவியங்களைப் பற்றி.
வாய்க்கால் எந்த இடத்தில் வாய்க்காலை வெட்டுகிறது,
அரசனின் பார்வை எதில் போய் முடிகிறது,
மதில் ஏன் அவ்வளவு உயரம்,
எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு இருந்தது.

அதுவரை வாய் திறக்காத கிழவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"இடது மூலையில் இருக்கிறதே,
அது என்ன செடி?"

அலங்காரச் செடி என்றேன்.

எழுதிக்கொண்டார்.
பட்டமும் கொடுத்தார்கள்.

பிறகு இருபத்தெட்டு வருடம்
பினாங்கில் பாடம் நடத்தினேன்.
பிற்பகல் இரண்டு மணி, இருட்டறை,
சிலைடு மாறும்போது ஒரு 'கடக்'.
வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம்,
உள்ளே நாற்பது.
இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்று
கேட்க வந்த தகப்பன்மார்களுக்குக்
கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.
ஒரு துணைவேந்தர் துறையின் பெயரில் இருந்த
'வரலாறு' என்ற சொல்லை எடுத்தார்.
அடுத்து வந்தவர்
'கலை'யையும் எடுத்தார்.
என் அறைக் கதவில் பெயர்ப்பலகை மட்டும்
பழைய துறையிலேயே வேலை பார்த்தது.

ஓய்வு பெற்ற மாதம்
குளுகோரில் வரிசை வீட்டின் பின்புறம்
பதினோரு அடிக்கு இருபது அடி மண்ணை
நான்காகப் பிரித்தேன்.
நடுவில் சிமெண்ட் தொட்டி,
அதிலிருந்து நான்கு வாய்க்கால்,
ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்.
வரைபடத்துக்கு மூன்று வாரம்.
சிமெண்ட் பூச வந்த தெங் ஹுவாட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தண்ணி எங்கே போகும், டீச்சர்?"
எங்கும் போகாது, நிற்கும் என்றேன்.
வானத்தைப் பார்த்தார். அக்டோபர் வானம்.
ஒன்றும் சொல்லாமல் மட்டப்பலகையை எடுத்தார்.

பாலைவனத்துக்காரன் தாகத்தில் கண்ட கனவு அது.
மணலை வெளியே நிறுத்தத்தான்
அவனுக்கு அவ்வளவு பெரிய மதில்.
இங்கே மழை
மதிலை விசாரித்துக்கொண்டு வருவதில்லை.
நான்கு ஆறும் ஒரே இரவில் ஒரே குளமாயின.
வாங்கி வைத்த ரோஜாக்கள்
சவர்க்கார நுரைபோல் கரைந்தன.
மாதுளை இலையை மட்டும் உதிர்த்துவிட்டு
யோசித்துக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள்
சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பையன்,
அஸ்ருல் என்று சட்டையில் இருந்தது,
டார்ச் அடித்துக் குனிந்தான்.
சொட்டுக்குழாயில் உறிஞ்சி வெளிச்சத்தில் காட்டினான்:
சொர்க்கத்தின் மூன்றாம் ஆற்றில்
ஏழு கொசுப்புழு.
"புவான் டாக்டரா?" என்றான் பெயரைப் பார்த்து.
"உடம்புக்கு இல்லை, படத்துக்கு."
தலையாட்டினான்.
படிவத்தில் 'நீர் தேங்கிய இடம்' என்ற கட்டத்தில்
லோங்காங் என்று எழுதினான்.

என் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு
அதைவிடச் சுருக்கமான மதிப்புரை
யாரும் எழுதியதில்லை.
சாக்கடை.
அபராதம் ஐந்நூறு வெள்ளி.

வாய்க்கால்களை மண் போட்டு மூடினேன்.
யாரும் வைக்காதவை வந்தன.
கோரை, தொட்டாற்சுருங்கி,
வட்ட இலையோடு ஒன்று
மூன்றாம் ஆற்றின் தடம் பிசகாமல்
ஈரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தது.

மறு சோதனைக்கு வந்த அஸ்ருல்
டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டான்,
"இந்தப் பெகாகாவை
கொஞ்சம் பறித்துக்கொள்ளட்டுமா?
அம்மா சம்பால் அரைப்பார்."
வல்லாரை!
ஞாபகத்துக்கு நல்லது என்று
காசு கொடுத்து மாத்திரையாய் விழுங்குகிறேன்,
காலடியில் தெரியவில்லை.
பை நிறையக் கொண்டுபோனான்.

நேற்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்து
இடது மூலையை மறுபடி பார்த்தேன்.
ஐந்து இலை, ஒரு மொட்டு,
தண்டு கொஞ்சம் கோணல்.
இன்னும் தெரியவில்லை.
வரைந்தவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்,
மூலை காலியாக இருக்கிறதென்று
யாராவது கத்தியிருக்கலாம்.

இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில்
அபராத ரசீதை வைத்து
புத்தகத்தை மூடினேன்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
மாதுளை
இன்னும் யோசிக்கிறது.